கைக்குழந்தையோடு பெண் பார்க்கப் போன கதை

பயணம் போனால் தன்னைத் தானே அறிந்துகொள்ளலாம், மனிதர்களோடு புதிய உறவுகள் பூக்கும் என்றெல்லாம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இவர்களில் யாராவது, மடிப்புக் கலையாத வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போயிருப்பார்களா? நான் போயிருக்கிறேன். மொத்தமே ஒரு மணி நேரப் பயணம். அதில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டவை ஏராளம். ஒன்றுகூட வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. உறவும் பூத்தது. பூத்த வேகத்தில் என் பேண்ட்டை நனைத்தது.

எண்பதுகளில் நடந்தது. அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். (பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டை இறக்க ஆள் வராத நாட்களில் மூட்டையும் இறக்குவேன்.) சொந்த ஊர் முகையூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அங்கே பயிர் வைத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குப் பெண் தேடும் பொறுப்பை அம்மாவின் தம்பி, என் மாமா, யாரும் கேட்காமலே தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்டுபிடித்ததுதான் திண்டிவனம் இடம். பெண்ணின் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொல்லிப் பாருங்கள், வெளியூரா என்று கேட்பார்கள்.)

பெண் வீட்டார் என்னை நேரில் பார்த்ததில்லை. ஸ்டுடியோவில் மோவாயில் கை வைத்து எடுத்த போட்டோ ஒன்றுதான் போயிருந்தது. அதில் நான் பெரிய சிந்தனையாளன் போல இருப்பேன்.

ஒரு புதன்கிழமை பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும். மாமா ஒரு வாடகைக் கார் பேசியிருந்தார். அது விழுப்புரம் வழியாக வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போவதுதான் முதலில் இருந்த திட்டம். முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு போன் வந்தது.

"அனந்தபுரத்துல நம்ம ஆளு ஒருத்தரை ஏத்திக்கணும்டா. நாங்க செஞ்சி ரோட்டுல போயிர்றோம். நீ பஸ்ல வந்துடு."

"தனியாவா மாமா? பொண்ணு பாக்கறதுக்கு நான் தனியா போயி நிக்கறதா?"

"நாங்க உனக்கு முன்னாடியே அங்க இருப்போம். நீ இன்னா கொழந்தையாடா, பஸ் ஏறி எறங்கத் தெரியாதா?"

குழந்தை என்ற சொல்லை அவர் வாயில் வைத்தது யார் என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மறுநாள் காலை வெள்ளை பேண்ட், சந்தன நிறச் சட்டை, கைக்கடிகாரம், முகத்தில் அரை டப்பா பவுடர் சகிதமாக ஒரு தனியார் பஸ்ஸில் ஏறி, சண்டை போட்டு ஜன்னலோர இடம் பிடித்தேன். பேண்ட்டின் மடிப்பு கலையக் கூடாதே என்று முழங்காலை மடக்காமல், ஏதோ கட்டுப்போட்ட கால் மாதிரி நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் ஏறினாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் நாலு வயதுச் சிறுமி, தலையில் ஒரு சாக்குப் பை. உட்கார இடமில்லை. நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே முண்டியம்பாக்கம் கரும்பு வண்டிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சார், கம்பியப் புடிச்சிக்கினு நிக்க முடியல. இந்தப் புள்ளைய கொஞ்சம் வச்சிக்கினு இருங்க சார்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மடியில் குழந்தை வந்து உட்கார்ந்துவிட்டது. சாக்குப் பை என் சீட்டுக்கு அடியில் போனது. எங்கள் ஊர் பஸ்களில் இது சகஜம். நிற்கிறவர்கள் குழந்தையை உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுப்பார்கள். ஆனால் உலகத்தில் எத்தனையோ மடிகள் இருக்க, பேண்ட் போட்டு, அதுவும் வெள்ளை பேண்ட் போட்டு உட்கார்ந்திருப்பவன் மடியா கிடைத்தது? பத்து மாதக் குழந்தை இருக்கும். என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தது. பவுடரைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கைக்கடிகாரத்தின் பட்டையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது.

விக்கிரவாண்டி வந்தது. பஸ் நின்றது. சிறுமி ஒரு மாதிரியாக விழித்தாள்.

"பொண்ணு வாந்தி எடுக்கும்போல இருக்குது சார். தோ, வந்துர்றேன்" என்று அவளை இழுத்துக்கொண்டு அந்தப் பெண் இறங்கினாள். நான் தலையை ஆட்டினேன். அடுத்த நொடி கண்டக்டர் விசில் ஊதினார். பின்னால் வேறொரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எங்கள் டிரைவர், பின்னால் வருகிறவனுக்கு ஒரு பயணியைக்கூட விட்டுக்கொடுக்காத வம்சம். வண்டி பாய்ந்தது.

என்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அங்கேதான் தெரிந்தது. ஆபத்து நேரத்தில் எனக்குக் குரல் வராது. 'ஹோல்டான்' என்று கத்தினால் போதும், வண்டி நின்றுவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானோ, கண்டக்டரை எப்படி அழைப்பது, அண்ணே என்பதா, சார் என்பதா, விஷயத்தை எங்கிருந்து தொடங்குவது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் நன்றாக வந்தது. அதற்குள் விக்கிரவாண்டி போய்விட்டது.

"அண்ணே, இந்தக் கொழந்தையோட அம்மா எறங்கிட்டாங்க" என்றேன் ஒருவழியாக.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் நீ! பொண்டாட்டி எறங்கி இம்மாந்நேரம் கழிச்சி சொல்ற?"

"என் பொண்டாட்டி இல்லண்ணே. யாருன்னே தெரியாது."

பின் சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, குழந்தையையும் என்னையும் மாறி மாறி அளந்தார்.

"மூக்கைப் பாரு. அப்படியே அப்பன் மூக்கு. வழியில சண்டை போட்டுக்கினு வுட்டுட்டு வந்துட்டு, யாருன்னே தெரியாதாம்."

"ஏங்க, சத்தியமா..."

"படிச்ச புள்ளைங்களே இப்படித்தான்" என்றார் முன் சீட்டுக்காரர்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் வந்த பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. அதன்பின் அவர் காதில் எதுவும் விழவில்லை. "அவங்க அடுத்த வண்டில வந்துடுவாங்க. திண்டிவனம் ஸ்டாண்டுல நில்லு சார், பேஜாரு பண்ணாத" என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது குழந்தை முதல்முறையாகச் சிரித்தது. என்ன அன்பு என்று நினைத்தேன். மடியில் சூடாக ஏதோ பரவியது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் சாக்குப் பை, இடையில் நனைந்த பேண்ட் என்று இறங்கினேன். அடுத்த பஸ் வந்தது. அந்தப் பெண் இல்லை. அதற்கடுத்ததும் வந்தது. அதிலும் இல்லை. குழந்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது போல. வீல் என்று ஆரம்பித்தது. எனக்குத் தாலாட்டுத் தெரியாது. நினைவில் இருந்ததெல்லாம் கடைச் சரக்குதான். "யூரியா... பொட்டாஷ்... சூப்பர் பாஸ்பேட்..." என்று ராகம் போட்டு ஆட்டினேன். நம்ப மாட்டீர்கள், அழுகை நின்றது. நான் நிறுத்தினால் மறுபடி ஆரம்பித்தது. எனவே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உரப் பட்டியலைப் பாடிக்கொண்டே உலாத்தினேன். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள்.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. சோடாக்கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஒப்படைக்கலாம். ஆனா உன்னையும் சேர்த்து உக்கார வச்சிடுவாங்களே தம்பி. அந்தம்மா வந்து ஆமாம்னு சொன்னாத்தான் வுடுவாங்க. நீ எங்க போவணும்?"

மண்டிக்காரர் பெயரைச் சொன்னேன்.

"அவரு வூட்டுக்கா? இன்னிக்கு அங்க பொண்ணு பாக்க வர்றாங்களே."

"நான்தாங்க அது."

அவர் குழந்தையைப் பார்த்தார். என் பேண்ட்டைப் பார்த்தார். சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "நீயா?" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அழுதுக்கினு ஒரு அம்மா வந்தா அங்க அனுப்பி வைங்க" என்று கெஞ்சிவிட்டு நடந்தேன். தெருவில் யாரும் என்னிடம் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எனக்கு முன்பே சைக்கிளில் ஒருவர் போய்விட்டிருந்தார். மண்டிக்காரர் வீட்டு வாசலில் ஏற்கனவே நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள்.

மாமாவின் கார் வாசலில் இல்லை. 'உனக்கு முன்னாடியே இருப்போம்' என்று சொன்ன ஒரு ஆள்கூட இல்லை.

மண்டிக்காரர் வெள்ளை வேட்டியில் வெளியே வந்தார். "வாங்க, வா..." என்று தொடங்கியவர் இரண்டாவது வாங்கவின் பாதியில் நின்றார்.

"இது என் கொழந்தை இல்லைங்க" என்றேன்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. வருங்கால மாமனாரிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பஸ்ஸில் வராத குரல், தேவையில்லாத அந்த இடத்தில் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

கூடத்தில் இரும்பு நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தார்கள். நான் விக்கிரவாண்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது. யாரோ ஒரு பெண், பெயர் தெரியாது, ஊர் தெரியாது, குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்! நானே அந்த வீட்டுக்காரராக இருந்தால் வெளியே தள்ளியிருப்பேன். ஆனால் மண்டிக்காரரின் கவனம் பாதிதான் என்னிடம் இருந்தது. அவர் கை, பழக்க தோஷத்தில், என் காலடியில் இருந்த சாக்குப் பைக்குள் போயிருந்தது. ஒரு பிடி மல்லாட்டை எடுத்து, குலுக்கிப் பார்த்து, ஒன்றை உடைத்து வாயில் போட்டார்.

"நல்லா காஞ்ச சரக்கு" என்றார். பிறகு ஞாபகம் வந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "முன்னாடியே ஒரு கல்யாணம் ஆயிருந்தா சொல்லியிருக்கணும்ல தம்பி?" இன்னொன்றை உடைத்தார்.

பெண்ணின் அம்மா குழந்தையை வாங்க வந்தார். குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் முயன்று பார்த்தார்கள். யாரிடமும் போகவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெளிவாக, அந்தக் கூடத்தில் ஒருவர் விடாமல் கேட்கும்படி, "ப்பா" என்றது.

(அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் ஆடு, மாடு, மின்விசிறி எதைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லும். நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.)

அப்போதுதான் பெண் வந்தாள். வளர்மதி. தட்டில் காபி. தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்க வேண்டியவள், நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"கொழந்தைக்கு எப்ப பால் குடுத்தாங்க?"

"தெரியாதுங்க."

"எத்தினி மாசம்?"

"தெரியாதுங்க."

"பேராவது?"

"தெரியாதுங்க."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, இவருக்கு ஒண்ணுமே தெரியல. நெசமாவே இவரு கொழந்தை இல்லப்பா."

எனக்குக் கண்ணீர் வராத குறை. உலகத்தில் ஒரு நல்ல உள்ளம்! அதற்குள் அவள் அம்மா குறுக்கே வந்தார்.

"எந்த அப்பனுக்குடி இதெல்லாம் தெரியும்? நீ எந்த மாசம் பொறந்தேன்னு உங்கப்பாவ கேளு பாக்கலாம்."

மண்டிக்காரர் மல்லாட்டை உடைப்பதை நிறுத்திவிட்டு மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

வளர்மதி உள்ளே போய் ஆறவைத்த பாலும் ஸ்பூனும் கொண்டுவந்தாள். நான் பிடித்துக்கொள்ள, அவள் ஊட்டினாள். இரண்டு வாய் குடித்துவிட்டு மூன்றாவதை என் சட்டையில் துப்பியது. பிறகு கண்ணைக் கசக்கியது. வேறு வழியில்லாமல் நான் மெதுவாக "யூரியா... பொட்டாஷ்..." என்று தொடங்கினேன். வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டு தள்ளாடிப் போய்ச் சுவரில் சாய்ந்தாள். பெண் பார்க்க வந்தவனைப் பார்த்துப் பெண் அப்படிச் சிரிப்பது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்கு விளங்கவில்லை. எரிச்சலாகவும் இருந்தது, நிறுத்தவும் மனம் வரவில்லை.

இந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. டயர் பஞ்சராகிச் செஞ்சியில் நின்றுவிட்டார்களாம். அப்பா வந்தார், மாமா வந்தார். இனிமேல் என் பக்கம் பேச ஆள் இருக்கிறது என்று மூச்சுவிட்டேன். கடைசியாக அம்மா வந்தார். என் அம்மாவுக்கு ஒரு வழக்கம். எங்கே குழந்தையைப் பார்த்தாலும், யார் எவர் என்று பார்க்காமல் வாரி எடுத்துவிடுவார். நேராக வந்தார். "வாடி என் ராசாத்தி! தூக்கம் வந்துடுச்சா என் தங்கத்துக்கு?" என்று என் தோளிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இத்தனை பேரிடமும் போகாத குழந்தை அவரிடம் மட்டும் சமர்த்தாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் பெண்ணின் அம்மா, கூட்டத்துக்குப் பொதுவாக.

"யாரு கொழந்தைடா இது?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"நீங்க கேக்காதீங்க மாமா!" என்று நான் கத்தினேன். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமையில்லாத ஒரே மனிதர் அவர்தான்.

மணி பன்னிரண்டு அடித்தது. ராகு காலம் முறைப்படி வந்து சேர்ந்தது. கூடவே வாசலில் பெரிய கூச்சல். சோடாக்கடைக்காரர் முன்னால், அவருக்குப் பின்னால் பாதி பஸ் ஸ்டாண்டு, நடுவில் அந்தப் பெண். தலை அவிழ்ந்து, புடவையெல்லாம் புழுதி. சிறுமியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள். என்னைப் பார்த்ததும் ஒரே தாவாகத் தாவி வந்தாள். அப்பாடா, என்று நான் எழுந்தேன். பளார் என்று கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"புள்ளைய தூக்கிக்கினு ஓடியாந்துட்டியேய்யா! ஒரு கொரலு குடுத்திருந்தா வண்டி நின்னுருக்காதா? வாயில இன்னா வச்சிருந்த?"

"அடிக்கிறா பாரு" என்றார் பெண்ணின் அம்மா, எல்லாம் முடிந்துவிட்ட குரலில். "பொண்டாட்டியேதான். வேற யாருக்கு இந்த உரிமை வரும்?"

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். "யாரு, நானா? இந்த மூஞ்சிக்கா?"

என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். வியர்வையில் வரிவரியாக வழிந்த பவுடர், பால் துப்பிய சட்டை, மஞ்சள் படம் வரைந்த பேண்ட். "தூ! என் வூட்டுக்காரு ராசா மாதிரி இருப்பாரு" என்றாள்.

அந்த அருவருப்பில் கலப்படம் எதுவும் இல்லை. எந்தச் சத்தியத்தாலும் நிரூபிக்க முடியாத என் யோக்கியதையை அது ஒரே நொடியில் நிரூபித்துவிட்டது. கூடத்தில் எல்லோர் முகமும் தெளிந்தது. என் முகத்தைத் தவிர.

குழந்தையை என் அம்மாவிடமிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் பெயர் அஞ்சலை. திருவாமாத்தூர் பக்கம், கூலி வேலை. திண்டிவனத்தில் தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வந்திருக்கிறாள். பஸ் போனதும் அது திரும்பி வரும் என்று எல்லோரும் சொன்னதை நம்பி முதலில் நின்றிருக்கிறாள். வராமல் போகவே ரோட்டிலேயே ஓடத் தொடங்கியிருக்கிறாள். காசு வைத்திருந்த சுருக்குப் பை சாக்குக்குள் இருந்ததால் அடுத்து வந்த பஸ்காரன் ஏற்றவில்லை. வெயிலில், தாரில், சிறுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் ஓய்கிற மட்டும் ஓடியிருக்கிறாள். கடைசியில் ஒரு லாரிக்காரர் நிறுத்தியிருக்கிறார். கால் இரண்டும் கொப்புளித்திருந்தன.

காலையிலிருந்து நான் கவலைப்பட்டதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பேண்ட், மணி, மானம், மாமாவின் கார். அந்த ரோட்டில் ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள் என்று ஒரு தடவைகூட என் புத்திக்கு எட்டவில்லை. கன்னம் எரிந்தது. அந்த அறைக்கு நான் ஏதும் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது.

அந்த வீட்டில் யாரும் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. திருவாமாத்தூர் பக்கம், கூலி வேலை என்று கேட்டதுமே பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த என் வருங்கால மாமியார்கூடக் கொஞ்சம் தயங்கினார். வளர்மதி அந்தச் சொம்பை வாங்கி அஞ்சலையிடம் கொடுத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்கக்கா. கொழந்தைக்கு ரூம்ல உக்காந்து பால் குடுங்க. கால்ல மருந்து போடறேன்."

"வேணாம்மா, இங்கியே..."

"எழுந்துருங்கக்கா."

மண்டிக்காரர் மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகள் திரும்பிப் பார்த்த பார்வையில், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வாயில் ஒரு மல்லாட்டையைப் போட்டுக்கொண்டார். அஞ்சலை கூடத்தின் வழியாக உள்ளே போகும்போது அவர் காலடியில் இருந்த தோல் குவியலைப் பார்த்து நின்றாள்.

"ஐயா, அது எங்கம்மாவுக்குக் கொண்டாந்த மல்லாட்டைங்க."

சாக்கு பாதிக்கு மேல் வடிந்திருந்தது. மண்டி வைத்திருக்கிற மனுஷன், வந்த விருந்தாளியின் சாக்கிலிருந்து திருடித் தின்றுகொண்டிருந்ததை ஊரே பார்த்தது. அவர் காது வரை சிவந்து, உடனே ஆளை அனுப்பி மண்டியிலிருந்து சாக்கு நிரம்பக் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு என்னைவிட ஒருவர் கொஞ்சம் கூடுதலாக அவமானப்பட்டாரே என்று எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

மாமா என் காதருகில் குனிந்தார். "இந்த இடம் அவ்ளோதான்டா. ஜல்தியா கெளம்பு. அடுத்த வாரம் செஞ்சில ஒரு பொண்ணு இருக்குது."

நான் கிளம்பவில்லை. முதல்முறையாக, வாக்கியம் அமைக்காமல் பேசினேன். "எனக்கு இந்தப் பொண்ணுதான் மாமா வேணும்" என்றேன். கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வாயால் அப்படிச் சொல்கிற வழக்கம் அப்போது கிடையாது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அறைக்குள்ளிருந்து வளர்மதியின் குரல் கேட்டது. "அவர்கிட்ட சொல்லுங்கம்மா, மொதல்ல போய் பேண்ட்டை மாத்தச் சொல்லுங்க."

என் மாமனாரின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் நான் விழுப்புரம் திரும்பினேன். கல்யாணம் அந்த வருஷமே நடந்தது. அஞ்சலை குடும்பத்தோடு வந்தாள். அவள் வீட்டுக்காரரையும் அன்றுதான் பார்த்தேன். ராசா என்றெல்லாம் சொல்ல முடியாது, என்னைப் போலத்தான் இருந்தார். இன்னும் கொஞ்சம் ஒல்லி. (இதை அஞ்சலையிடம் நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.) குழந்தையின் பெயர் செல்வி என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போவதும் நாங்கள் திருவாமாத்தூர் போகும்போதெல்லாம் அங்கே சாப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. செல்வி படித்து நர்ஸானாள். எங்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்து, இருவரையும் அவள்தான் பாதி வளர்த்தாள்.

இதில் மாறாமல் இருப்பவர் என் மாமியார். எங்கே, எந்தச் சபையில், யார் "உங்க மருமகனுக்கு எத்தினி பசங்க?" என்று கேட்டாலும் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ரெண்டு." விளக்கம் ஏதும் தர மாட்டார். தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஓடிப்போய் விளக்குவது என் வேலை. வளர்மதியோ, நான் எப்படி விளக்குகிறேன் என்று தூணில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

எங்கள் பெண்ணின் நிச்சயதார்த்தத்திலும் அது நடந்தது. சம்பந்தியம்மாள் கேட்டார், மாமியார் சொன்னார். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல் குரல் வரவில்லை. பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த செல்வி கரண்டியோடு முன்னால் வந்தாள். இவளாவது காப்பாற்றுவாள் என்று நினைத்தேன்.

"அந்த முன்னாடி ஒண்ணு நான்தாங்க" என்று சம்பந்தியம்மாளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னொரு கரண்டி ஊத்தட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

மகள் கல்யாணம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சம்பந்தி இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.